தலைப்பக்கம் தடிப்பு

மார்த்தா லாபோவின் வண்டி சனிக்கிழமை மூன்று அங்குலம் உயர்ந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் அவளுடைய மானம் முப்பது அங்குலம் இறங்கிவிட்டது.

உயர்த்தியதில் தப்பு இல்லை. மலைமேல் பாக்கெலாலன் கிராமத்திலிருந்து கீழே லாவாஸ் டவுனுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஃபோர்வீல் வண்டிகளில் உயர்த்தாத வண்டி அவளுடையது ஒன்றுதான். மழை பிடித்துவிட்டால், லாரிகள் உழுது வைத்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மண் முதுகு எழும்பி நிற்கும். மற்ற வண்டிகள் அதைத் தாண்டிப் போகும். இவளுடையது மட்டும் வயிற்றை அதன் மேல் வைத்துப் படுத்துக்கொள்ளும். பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். போன மழையில் தலைமையாசிரியரின் வலது கால் செருப்பு அந்தச் சேற்றோடு போயிற்று. அன்றிலிருந்து அவர், அதே பாதையில் ஓட்டுகிற முராங்கின் வண்டியில்தான் போகிறார். போகும்போது மார்த்தாவுக்குக் கையும் காட்டுகிறார்.

ஆகவே புது ஸ்பிரிங் பட்டைகளும், அவற்றின் முனையை வண்டியோடு பிணைக்கிற ஷாக்கிள்களில் நீளமானதாக ஒரு ஜோடியும் வரவழைத்தாள். வண்டியின் மூக்குப் பக்கம் நீளமான ஷாக்கிள் போட்டால் முன் அச்சு சற்றே முன்னால் குனிந்துவிடும். அதை நிமிர்த்த, அச்சுக்கும் அதன் மேல் உட்காரும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு ஒன்று வைக்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக. ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். இது எல்லாம் மார்த்தாவுக்குத் தெரியும். பத்து வருஷமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறாள். ஓட்டியதில் பாதி நேரம் வண்டிக்கு அடியில்தான் கழிந்தது.

உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அப்பா லாபோவும் சித்தப்பா தாகாலும் காலைச் சோறு உண்ட கையோடு வந்து நின்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நாற்பது வருஷம் பலகை அறுத்தவர்கள். பெரிய வாளின் இரண்டு முனையில் எதிரெதிரே நின்று அறுத்துப் பழகி, இப்போது எந்த வேலையும் எதிரெதிரே நின்றால்தான் அவர்களுக்கு ஓடும். நாற்று நடுவதும் அப்படித்தான், பன்றிக்கறி நறுக்குவதும் அப்படித்தான். போதாக்குறைக்கு, பின்னால் வந்த மெஷின் வாளின் இரைச்சலில் தாகாலுக்குக் காது பாதி போய்விட்டது. அண்ணன் வாயைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு விளங்கும்.

"பின்பக்கம் தடிப்பு, அப்பா. மறந்துடாதீங்க," என்று சொல்லி ஆப்புகளை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, மார்த்தா பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றப் போனாள்.

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா?" என்றார் லாபோ.

அப்பா முன்பக்கமிருந்து மல்லாந்து இடது பக்கத்துக்கு நுழைந்தார். அவருடைய ரப்பர் பூட்ஸ் பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா பின்னாலிருந்து ஊர்ந்து வலது பக்கத்துக்குப் போனார். அவருடைய பூட்ஸ் வண்டியின் வயிற்றுக்குக் கீழே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து கோயில் பாட்டு இரண்டு குரலில் எழும்பியது. மார்த்தாவின் அம்மா சிகாங் காப்பியோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்கு இந்த வாரம் பூரா பாட்டுதான்," என்றாள்.

பாட்டுக்குக் காரணம் இருந்தது. மார்த்தாவின் தங்கை டோர்கஸுக்கு லாவாஸ் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. லாபோவுக்கு முதல் பேரன். அவர்கள் வழக்கப்படி, பேரன் பிறந்தால் தாத்தா பாட்டி பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயர் எடுப்பார்கள். ஊரைக் கூட்டி விருந்து வைத்து அதை அறிவிப்பார்கள். அதன் பிறகு பழைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. விருந்து அடுத்த சனிக்கிழமை. எருமை பார்த்தாகிவிட்டது, இரண்டு பன்றியும் பார்த்தாகிவிட்டது. லாபோ தன் பெயரையும் பார்த்து வைத்திருந்தார்.

"அசையாதவன்," என்றார், வண்டிக்கு அடியிலிருந்தே. "எப்படி இருக்கு?"

"யாரு?" என்றார் தாகால், அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டு.

"நான்தான்டா. அசையாதவன்!"

"கொஞ்சம் அசைஞ்சு அந்த ஸ்பானரை இந்தப் பக்கம் தள்ளுங்க," என்றார் தாகால்.

சாயங்காலம் வண்டி இறங்கி நின்றபோது தெருவே பார்க்க வந்தது. மார்த்தா பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்தாள். சக்கரங்களை முழுதாகத் திருப்பி உரசல் பார்த்தாள். ஞாயிறு கோயில் முடிந்ததும் போல்ட்டுகளை இன்னொரு சுற்று முடுக்கினாள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். ஆப்புகளை மட்டும் பார்க்கவில்லை. அப்பா வைத்ததை மகள் போய்ச் சோதிப்பதாவது!

திங்கட்கிழமை மண் பாதையில் வண்டி ராஜா மாதிரி வந்தது. மண் முதுகுகளை எல்லாம் தாண்டியது. எட்டுப் பயணிகளில் ஒருவர்கூட இறங்கவில்லை. லாவாஸ் நெருங்கித் தார் ரோடு வந்தது. வேகமுள் எழுபதைத் தொட்டது. சிறு பாலம் ஒன்றின் விளிம்பில் சக்கரம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஸ்டீயரிங் அவள் கையில் பிடிபட்ட மீன் மாதிரி துடிக்க ஆரம்பித்தது. முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமும் உதறின. டாஷ்போர்டு கடகடவென்று அடித்தது. பின்சீட்டில் ஒருத்தி ஜெபத்தைச் சத்தமாகவே ஆரம்பித்துவிட்டாள். மார்த்தா பிரேக்கை மெதுவாக மிதித்து முப்பதுக்குக் கொண்டு வந்த பிறகுதான் உதறல் நின்றது.

பயணிகளை இறக்கிவிட்டு, பயம் தெளியாமலே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டோர்கஸையும் குழந்தையையும், வெள்ளிக்கிழமை வரை அவர்கள் தங்கப் போகிற உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். டோர்கஸின் கணவன் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வருவான், மிரி நகரத்திலிருந்து நேராக ஊருக்கு விமானத்தில் வந்துவிடுவான். அதனால் தங்கையையும் குழந்தையையும் மலைக்கு ஏற்றிக் கொண்டுபோவது மார்த்தாவின் பொறுப்பு. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. குழந்தை ஊருக்குள் நுழைவது பெரியம்மாவின் வண்டியில்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லாவாஸுக்குள் நாற்பதில்தான் போனாள். ஆனால் ஆற்றுப்பாலத்தில் பின்னால் வந்த லாரி ஹார்ன் அடிக்க, கொஞ்சம் மிதித்தாள். பாலத்தின் இணைப்பில் சக்கரம் தட்டியது. மறுபடியும் மீன் துடித்தது.

டோர்கஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வண்டி ஓரமாக நின்ற பிறகும் பிடியைத் தளர்த்தவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை நான் முராங் வண்டியில வரேன்."

"அதுக்குள்ள சரி பண்ணிடுவேன்டி."

"நீ சரி பண்ணு. நான் முராங் வண்டியில வரேன். அப்பா அசையாதவன்னு பேர் வச்சுக்கப் போறாராமே, அம்மா போன்ல சொன்னா. இந்த வண்டியப் பார்த்துட்டுதான் வைக்கிறாரா?"

குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. மார்த்தா தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு போக வேண்டிய அந்தப் பிள்ளையை முராங் கொண்டு வந்து இறக்குவான், ஊரே பார்க்கும், அவள் பின்னால் காலி வண்டியோடு வருவாள்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நேராக லியூவின் பட்டறைக்குப் போனாள். லியூ டயர் பார்க்கிறவர். சுருட்டுப் பிடித்துக்கொண்டே பேசுவார். சக்கரங்களைக் கழற்றி எடை சமன் பார்த்தார், சரியாக இருந்தது. முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கிற கோணத்தை அளந்தார், அதுவும் சரியாக இருந்தது.

"அக்கா, என் இயந்திரம் சொல்றது இவ்வளவுதான். டயர்ல தப்பு இல்ல."

"அந்த ஸ்டீயரிங் டேம்பரைப் புதுசா மாட்டுங்க. தடிமனானது."

"மாட்டறேன். ஆனா சொல்லிட்டேன், அது ஆட்டத்தை அமுக்கும். ஆட்டம் எங்கேருந்து வருதுன்னு அதுக்குத் தெரியாது."

"மாட்டுங்க லியூ."

மாட்டினார். புறப்படும் முன் மார்த்தா பழக்கத்தின்படி அச்சைப் பட்டையோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட்டுகளின் நட்டுகளைச் சோதித்தாள். வலது பக்கத்து நட்டுகள் அரைச் சுற்று தளர்ந்திருந்தன. புது வேலை, கொஞ்சம் உட்காரத்தான் செய்யும் என்று முடுக்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை திரும்பும்போது, பாதி வழியில் இருக்கிற லோங் செமாடோ கிராமத்துக்கு அப்பால் மலைக்கு நடுவே யாரோ மறந்து விட்டுப் போனதுபோல் கிடக்கிற நாலு கிலோமீட்டர்த் தார்த் துண்டில் எழுபது போய்ப் பார்த்தாள். முதல் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. "அல்லேலூயா," என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மூன்றாவது குழி வந்தது. டேம்பரால் முடிந்த மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கை விட்டது.

ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் புது டேம்பரைக் கழற்றிப் பலகை மேல் வைத்தாள். அமுக்கி வைத்தால் எதுவும் கண்ணில் படாது. இனி வண்டி ஆடுகிற மாதிரி ஆடட்டும், எங்கிருந்து ஆடுகிறது என்று பார்த்துவிடலாம்.

புதன்கிழமை காலை பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, உயர்த்தியபோது தொட்ட ஒவ்வொன்றையும் எழுதினாள். எழுதியதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அடிப்பது என்று முடிவு. அந்த நேரம் பார்த்து முராங் தன் வண்டியை வாசலில் நிறுத்தினான்.

"மார்த்தா, தொட்டில் கட்டற கயிறு இருக்கா? டோர்கஸ் போன் பண்ணிச்சு. குழந்தைக்கு மெத்தை எல்லாம் போடச் சொல்லிச்சு."

"இருக்கு. உன் வாயைக் கட்ட வச்சிருக்கேன்."

"கோவிச்சுக்காதே. ஒரு யோசனை சொல்றேன் கேளு. டயர் காத்தைக் குறைச்சிடு."

"நேத்துதான் தலைமையாசிரியர் ஏத்தச் சொன்னாரு."

"அப்போ ஒரு பக்கம் ஏத்து, ஒரு பக்கம் குறை. ரெண்டு பேர் மனசும் நோகாது." சிரித்துக்கொண்டே போய்விட்டான். போகிறவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மதில் மேல் வைத்துவிட்டுப் போனான், அவன் அப்படித்தான்.

மார்த்தா அம்மாவை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தாள். இன்ஜின் ஓட, சக்கரம் தரையில் இருக்க, கொஞ்சம் இடம் கொஞ்சம் வலம் என்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்டி ஆட்டணும்? சோறு மசிக்கிற மாதிரி இருக்கு."

"அப்படியே மசிங்கம்மா. நிறுத்தாதீங்க."

"விருந்துக்கு இலையில பொதிய நானூறு பொட்டலம் சோறு மசிக்கணும். கை பழகட்டும்."

ஸ்டீயரிங் பெட்டி அசையவில்லை. கோல்களின் மூட்டுகளில் ஆட்டம் இல்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து உலுக்கினாள். பேரிங் இறுக்கமாக இருந்தது, கிங்பின்னும் இறுக்கம். நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மிஞ்சியது யூ போல்ட். ஸ்பானரைப் போட்டாள். வலது பக்கம் மறுபடியும் அரைச் சுற்று. இடது பக்கம் கால் சுற்று.

அங்கேதான் அவள் கை நின்றது. சனிக்கிழமை முடுக்கியது, ஞாயிறு முடுக்கியது, திங்கள் முடுக்கியது. மூன்று முறை முடுக்கிய நட்டு தானாகத் தளர்வதில்லை. உள்ளே எதுவோ தள்ளுகிறது. விரலை விட்டு இடது பக்கத்து ஆப்பைத் தடவினாள். பின்பக்கம் தடிப்பு. சரி. புரண்டு வலது பக்கத்துக்குப் போனாள். விரலை விட்டாள். எடுத்தாள். திரும்பவும் விட்டாள்.

முன்பக்கம் தடிப்பு.

ஒரு ஆப்பு அச்சை நிமிர்த்தப் பார்க்கிறது. இன்னொன்று அதை இன்னும் குனிய வைக்கப் பார்க்கிறது. இரண்டும் இரண்டு பக்கம் இழுக்க, அச்சு நடுவில் ஆப்பே வைக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தது. நீள ஷாக்கிளால் குனிந்த குனிவு அப்படியே இருந்தது. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேரே போகிறது. அந்தச் சாய்வை எடுத்துவிட்டால் சின்னக் கல் தட்டினாலும் சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவிக்கும். இங்கே நடந்தது அதுதான். அதோடு, முறுக்கிக்கொண்டு நிற்கிற பட்டைகள் ஒவ்வொரு குழியிலும் நட்டை இளக்கிக்கொண்டிருந்தன.

மார்த்தாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, வெளியே வந்து பார்த்தபோது, அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து விருந்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்கள். கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா, அந்த ஆப்பு ரெண்டையும் எப்படி வச்சீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். பின்பக்கம் தடிப்பு."

"சித்தப்பாவுக்கு எப்படிச் சொன்னீங்க?"

"பாட்டுக்கு நடுவுல எப்படி வாயால சொல்றது? தலையைத் தட்டிக் காட்டினேன். என் தலை பின்பக்கமா இருந்துச்சு இல்ல? தலைப்பக்கம் தடிப்புன்னு காட்டினேன்."

"நானும் தலைப்பக்கம்தான் தடிப்பு வச்சேன்," என்றார் தாகால், அண்ணன் வாயைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் வச்சோம். சத்தியமா."

"சத்தியம்தான் சித்தப்பா. அன்னைக்குப் படுத்த மாதிரியே ரெண்டு பேரும் ஒரு தடவ படுங்க."

படுத்தார்கள். அப்பாவின் பூட்ஸ் பம்பருக்கு வெளியே நீண்டது. சித்தப்பாவின் பூட்ஸ் வண்டி வயிற்றுக்குக் கீழே கிடந்தது. நடுவில் இரண்டு தலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"இப்போ தலையைத் தட்டுங்க," என்றாள் மார்த்தா.

தட்டினார்கள். ஒரு கை பின்னால் போயிற்று. ஒரு கை முன்னால் போயிற்று. சிகாங் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லாபோ வெளியே வந்தபோது அவருடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஒட்டாத இடத்திலும் தட்டினார்.

"மார்த்தா."

"அப்பா."

"டோர்கஸுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"சனிக்கிழமை ஊர் முழுக்க வந்து உட்காரும். லோங் செமாடோக்காரங்க வருவாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் கெராயான்ல இருக்கிற சொந்தமும் வருது." இன்னொரு தடவை முழங்காலைத் தட்டினார். "அசையாதவன்னு எழுந்து நின்னு சொல்லணும் நான்."

"நட்டு தளர்ந்திருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன். அது பொய்யும் இல்ல."

"உங்க அம்மா?"

"நான் எதையும் பார்க்கல," என்றாள் சிகாங், கண்ணைத் துடைத்துக்கொண்டு. உடனே மறுபடியும் சிரித்துவிட்டாள்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினார்கள். வண்டியின் உடம்பை மரக்கட்டைகளில் தாங்க வைத்து, வலது பக்கத்து யூ போல்ட்டுகளைக் கழற்றினார்கள். லாபோ, தம்பி வைத்ததைத் தம்பியே திருப்பட்டும், ஆனால் இந்த முறை இரண்டு பேரும் ஒரே திசையில்தான் படுப்பது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இருவரும் முன்பக்கமிருந்து பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். உடனே வேலை நின்றுவிட்டது. தாகாலுக்கு அண்ணனின் காதுதான் தெரிந்தது, வாய் தெரியவில்லை.

"என்ன சொல்றீங்க?"

"ஸ்பானர்!"

"ஆங்?"

மார்த்தா வண்டியின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, இரண்டு பேருக்கும் மேலே கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். தாகால் கண்ணாடியைப் பார்த்தார். அதில் அண்ணனின் வாய் தெரிந்தது. முகம் மலர்ந்தது. "இப்போ சொல்லுங்க," என்றார். வேலை ஓடியது. பாட்டும் தொடங்கியது.

வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அதன் முழுப் பாரமும் பட்டை மேல் ஏறிய பிறகு, புது நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள் மார்த்தா. இந்தத் தடவை ஆப்பு இரண்டையும் தானே தடவிப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் நின்று அவள் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தடவி முடித்ததும் தானும் ஒருமுறை குனிந்து தடவினார்.

வியாழக்கிழமை அப்பாவையும் சித்தப்பாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தார்த் துண்டுக்குப் போனாள். எழுபதில் முதல் குழி, இரண்டாவது, மூன்றாவது. ஸ்டீயரிங் 'தட்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கியது. திரும்பி வந்து எழுபத்தைந்தில் போனாள். வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகவே நேருக்குத் திரும்பியது. திங்கட்கிழமை அது திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே ஒரு குறை: வண்டி நேரே போகும்போது ஸ்டீயரிங் சற்று இடம் சாய்ந்து நின்றது. நிறுத்தி, ஸ்டீயரிங் கோலை ஒன்றரைச் சுற்றுத் திருப்பி நேராக்கினாள். நட்டுகளைப் பார்த்தாள். இம்மிகூட நகரவில்லை.

"எப்படி இருக்குப்பா?"

"நான் கண்ணை மூடியிருந்தேன்," என்றார் லாபோ. "ஜெபம் பண்ணினேன்."

அப்படியே அவர்களை லோங் செமாடோவில் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டு, மார்த்தா லாவாஸுக்கு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை உறவினர் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. முராங் உண்மையாகவே மெத்தை போட்டிருந்தான், பூப்போட்ட மெத்தை. டோர்கஸ் குழந்தையோடு படியில் நின்று இரண்டையும் பார்த்தாள்.

"என்னதான் ஆச்சாம்?"

"நட்டு தளர்ந்திருந்துச்சு. அச்சு சரியா உட்காரல. இப்போ உட்கார்ந்துடுச்சு."

"போன தடவையும் சரி பண்ணிடுவேன்னுதான் சொன்ன."

"அப்போ பண்ணிடுவேன்னு சொன்னேன். இப்போ பண்ணிட்டேன்னு சொல்றேன்."

டோர்கஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் அக்காவின் மூக்கு வியர்க்கும். வியர்க்கவில்லை.

"நீ வரும்போது முதல்ல ஆடுன அந்தச் சின்னப் பாலம் வரைக்கும் வரேன். எழுபதுல போ. ஆடுச்சுன்னா அங்கேயே இறங்கிடுவேன். முராங் அண்ணே, நீங்க பின்னாலயே வாங்க."

"வரேன். மெத்தை தயாரா இருக்கு," என்றான் முராங்.

அந்த மெத்தையை டோர்கஸ் உருவி அக்காவின் வண்டிக்குக் கொண்டு வந்தாள். அவ்வளவு தூரம் வந்ததே மார்த்தாவுக்குப் பெரிய ஆறுதல்.

தார் ரோடு. அறுபது. எழுபது. சிறு பாலம் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. டோர்கஸ் ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் மேல் பிடியையும் பற்றிக்கொண்டாள். முன்சக்கரங்கள் விளிம்பில் ஏறின, இறங்கின. 'தட்.' பின்சக்கரங்கள். 'தட்.' பாலம் முடிந்துவிட்டது.

டோர்கஸ் பிடியை விடவில்லை. "இன்னும் ஆடும்."

"ஆடாது."

"கொஞ்சம் பொறு, ஆடும்."

மார்த்தா உள்ளங்கை இரண்டையும் விரித்து, ஸ்டீயரிங்கில் விரல் நுனிகள் மட்டும் தொட வைத்துக் காட்டினாள். வண்டி கோடு போட்ட மாதிரி போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பின்னால் முராங்கின் விளக்குகள் இரண்டு தடவை மின்னின. இறங்கப் போகிறார்களா என்று கேட்கிறான்.

"என்னடி, நிறுத்தவா?"

டோர்கஸ் கதவுக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, போய்க்கொண்டே இரு என்று ஆட்டினாள்.

மண் பாதை தொடங்கிய அரை மணியில் அவள் தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு. குழந்தைதான் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி வந்தது. மண் முதுகுகள் வயிற்றுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. வழியில் ஓரிடத்தில் சேறு ஆழம். முராங் பின்னால் கொஞ்சம் திணறினான். மார்த்தா நின்று, கயிற்றைப் போட்டு இழுத்துவிட்டாள். தொட்டில் கட்டக் கேட்ட அதே கயிறு. அவன் சத்தம் போடாமல் கும்பிட்டான். தான் சேற்றில் மாட்டியது குழந்தைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தான் போலிருக்கிறது.

லோங் செமாடோவில் அப்பாவையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டாள். லாபோ பேரனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஊர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் வாழ்நாளில் முதல் தடவை. குழந்தை அவருடைய சட்டையை நனைத்தபோதும் அசையவில்லை.

சனிக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்து வழிந்தது. எருமைக்கறி, பன்றிக்கறி, இலையில் பொதிந்த மசித்த சோறு, அன்னாசி. தலைமையாசிரியர் மார்த்தாவிடம் வந்து, "வண்டி நல்லா உயரமா இருக்கு, திங்கட்கிழமை எனக்கு ஒரு இடம் வை," என்று சொல்லிவிட்டுப் போனார். புதுப் பெயர் அறிவிக்கிற நேரம் வந்தது. முதலில் சிகாங் தன் பெயரைச் சொன்னாள்; எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு லாபோ எழுந்தார். மண்டபத்தின் அந்தக் கோடியில், அண்ணனுக்கு நேர் எதிரே, தாகால் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அசையாதவன்னு ஒரு பேர் வச்சிருந்தேன்," என்றார் லாபோ. "உங்கள்ல பாதிப் பேருக்குச் சொல்லியும் இருப்பேன். அந்தப் பேரை இப்போ என் மக வண்டிக்குக் கொடுத்துட்டேன். அதுக்குத்தான் பொருத்தம்."

கூட்டம் சிரித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மார்த்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"ஏன்னு சொல்றேன்," என்று லாபோ தொடங்கினார். மார்த்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கவனிக்கவில்லை, கவனித்தாலும் நிற்கிற ஆள் இல்லை. வண்டிக்கு அடியில் எப்படிப் படுத்தார்கள், தலையை எப்படித் தட்டினார், தம்பி எப்படி அதே மாதிரி தட்டினான் என்று ஒன்று விடாமல் சொன்னார். தரையில் படுத்தே காட்டினார். அந்தக் கோடியில் தாகாலும் படுத்துக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தட்டியபோது மண்டபம் இடிந்துவிடும் போலிருந்தது. கெராயான் சொந்தக்காரர் ஒருவருக்குச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

டோர்கஸ் மட்டும் சிரிக்காமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "நட்டு தளர்ந்திருந்துச்சா?"

"தளர்ந்துதான் இருந்துச்சு."

"எனக்குக்கூடச் சொல்லல."

"நீ முராங் வண்டியில வரேன்னு சொன்னவ."

டோர்கஸ் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் சிரித்தாள்.

லாபோ எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "அதனால என் புதுப் பேர், எதிரெதிரே இருக்கிறவன். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து. தம்பிக்கு இன்னும் பேரன் வரல, அது வரைக்கும் இதுல பாதி அவனுக்கு."

"என்ன சொன்னார்?" என்றார் தாகால், பக்கத்தில் இருந்தவரிடம். சிரித்த சிரிப்பில் அண்ணனின் வாயைப் பார்க்கத் தவறிவிட்டார்.

விருந்து முடிந்து கறி பங்கு போட்டபோது, பெயர் வாங்கியவர்களுக்கு எல்லாம் ஒரு பங்கு உண்டே என்று யாரோ கேட்டார்கள். வாசலில் நின்ற வண்டியின் பானெட் மேல் ஓர் இலைப் பொட்டலம் வைக்கப்பட்டது. மார்த்தா வெளியே வருவதற்குள் முராங்கின் நாய் அதை முடித்துவிட்டிருந்தது. வண்டி அசையவே இல்லை.